லைனைத் திறக்கும் ஒவ்வொரு முறையும்: குழந்தைகளுக்கு மருத்துவமனையில் வரும் ரத்தத் தொற்று

வேறு நோய்க்காகச் சேர்ந்த குழந்தைக்கு, சேர்ந்து 48 மணி நேரம் ஆன பிறகு ரத்தத்தில் கிருமி வளர்கிறது. சேரும்போது அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. அப்படியானால் அதை மருத்துவமனையில் வந்த தொற்றாகக் கணக்கில் எடுக்கிறோம். பிறந்ததிலிருந்தே வார்டில் இருக்கும் பச்சிளங்குழந்தைக்கு இந்த எல்லை அவ்வளவு தெளிவாக இருக்காது. முதல் 72 மணி நேரத்துக்குள் வருவது தாயிடமிருந்து, அதற்குப் பிறகு வருவது சூழலிலிருந்து என்று வைத்துக்கொள்வது வழக்கம். ஆனால் பிரசவ அறையிலேயே சுத்தம் சரியில்லாத இடங்களில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா முதல் நாளிலேயே வந்துவிடும். அதனால் அந்த 72-ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடுமையாக நோயுற்ற குழந்தைகளிடம் இந்தத் தொற்று வரும்போது பெரும்பாலும் உடம்பில் ஒரு சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தக்குழாய்க்குள் வைக்கும் மெல்லிய குழாய் இருக்கும்: கழுத்திலோ, தொடையிலோ, தொப்புள்கொடி வழியாகவோ, கையிலிருந்து நெஞ்சு வரை போகும் பிக் லைனாகவோ. லைன் போடும் அந்த அரைமணி நேரம் எல்லாரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். கவுன், மாஸ்க், கையுறை எல்லாம் சரியாக இருக்கும். அதற்குப் பிறகு வரும் நாட்களில்தான் பிடி தளர்கிறது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கும் ஆன்டிபயாடிக் இரண்டு இருந்தால் ஒரு நாளைக்கு ஆறு டோஸ். ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் ஒரு ஃப்ளஷ் (குழாயைக் கழுவச் செலுத்தும் சலைன்), பிறகு மருந்து, பின்னால் ஒரு ஃப்ளஷ். அதிலேயே 18 தடவை சிரிஞ்ச் இணைத்தாயிற்று. ரத்தப் பரிசோதனைக்கு எடுப்பது, ஊட்டச்சத்துத் திரவம் மாற்றுவது எல்லாம் சேர்த்தால் 25-ஐத் தாண்டும். பத்து நாளில் 250 வாய்ப்புகள். குழந்தைகளின் லைன் தொற்றைப் பற்றிப் பேசும்போது முதலில் பேச வேண்டியது இந்த 250-ஐப் பற்றித்தான்.

இது வெறும் ஊகம் இல்லை. 2006-ல் வெளியான மிச்சிகன் ஆய்வில் 103 ஐ.சி.யு.க்கள் லைன் போடும் முறையை ஒழுங்குபடுத்தி, தொற்று விகிதத்தின் நடுமதிப்பை ஆயிரம் லைன்-நாளுக்கு (ஒரு லைன் ஒரு நாள் இருந்தால் ஒரு லைன்-நாள்) 2.7-லிருந்து மூன்று மாதத்தில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தன. அவை பெரும்பாலும் பெரியவர்களுக்கான ஐ.சி.யு.க்கள். அதே வழியைக் குழந்தைகளுக்கும் பின்பற்றி அமெரிக்காவின் 29 குழந்தைகள் ஐ.சி.யு.க்கள் சேர்ந்து செய்த ஆய்வு 2010-ல் வெளியானது. அங்கே தொற்று 43 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்தக் குறைவோடு தெளிவாகத் தொடர்பு காட்டியது லைன் போடும் முறை அல்ல, போட்ட பிறகான அன்றாடப் பராமரிப்புதான். காரணம் யூகிக்கக் கூடியதே. குழந்தைக்கு ரத்தக்குழாய் கிடைப்பதே கஷ்டம் என்பதால் ஒரு தடவை போட்ட லைன் நெடுநாள் இருக்கிறது. ஒரே லைனில் எல்லாவற்றையும் ஏற்றுகிறோம், எல்லாவற்றையும் எடுக்கிறோம்.

கிருமி உள்ளே போக முக்கியமாக இரண்டு பாதைகள். ஒன்று, ஊசி நுழைந்த தோல் துளையிலிருந்து குழாயின் வெளிப்புறம் வழியாக ஊர்ந்து போவது. முதல் வாரம் பத்து நாட்களில் வரும் தொற்றுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். இன்னொன்று, ஹப் எனும் குழாயின் வாயில் ஒட்டிய கிருமி உட்புறமாகப் போவது. லைன் நாளாக நாளாக இந்தப் பாதை முன்னுக்கு வரும். உள்ளே போன கிருமி குழாயின் சுவரில் பிசின் மாதிரி ஒரு படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். பயோஃபிலிம் எனப்படும் இந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியை ரத்தத்தில் ஓடும் ஆன்டிபயாடிக் எளிதில் கொல்லாது. மருந்து நிறுத்தி நாலைந்து நாளில் அதே கிருமி திரும்ப வருவது இதனால்தான்.

குழந்தைக்கென்று சில கூடுதல் சங்கடங்களும் உண்டு. தொடை லைன் டயப்பருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கழுத்து லைன் மேல் எச்சில் வழிகிறது. கைக்கு எட்டினால் குழந்தை இழுக்கும், வாய்க்கு எட்டினால் கடிக்கும். 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையின் தோல் முதல் இரண்டு வாரம் தடுப்புச்சுவராகவே வேலை செய்யாது. பிளாஸ்திரியைப் பிடுங்கினால் தோலும் சேர்ந்து வரும், அந்த இடம் கிருமிக்குத் திறந்த கதவு.

ஒரு டோஸ் மருந்து, ஆரம்பம் முதல் முடிவு வரை

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தவறு நடப்பது இங்கேதான்.

மருந்து தயாரிக்கும் இடம் முதலில். கை கழுவும் தொட்டியிலிருந்து குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். தொட்டியின் வடிகுழாயில் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்றவை படலமாகக் குடியிருக்கும். குழாயைத் திறந்ததும் தண்ணீர் வடிகாலில் அடித்துத் தெறிக்கும் துளிகள் பக்கத்தில் திறந்து வைத்த சிரிஞ்சில் விழும். இடம் இல்லை என்றால் நடுவில் ஒரு தடுப்புப் பலகையாவது வேண்டும்.

கையை ஆல்கஹால் தேய்ப்பான் கொண்டு 20 முதல் 30 விநாடி தேய்த்துக் காய விட வேண்டும். கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ ரத்தமோ இருந்தால் சோப்பும் தண்ணீரும், 40 முதல் 60 விநாடி. மருந்துப் புட்டியின் மூடியைக் கழற்றியதும் தெரியும் ரப்பர், தொற்றுநீக்கிய பரப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது உறுதியில்லை. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகுதான் ஊசி குத்த வேண்டும். ஒரு புட்டியை நாலு குழந்தைகளுக்குப் பகிர்வது, ஒரு பெரிய சலைன் பாட்டிலில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு நாள் முழுக்க ஃப்ளஷ் எடுப்பது, இரண்டையும் அடியோடு விட வேண்டும். ஒரு வார்டில் பல குழந்தைகளுக்கு ஒரே வாரத்தில் ஒரே கிருமி வளரும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பாட்டிலைத்தான். முன்கூட்டியே நிரப்பிய ஒற்றைப் பயன்பாட்டு ஃப்ளஷ் சிரிஞ்ச் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் 5 அல்லது 10 மி.லி. ஆம்பியூல், ஒரு குழந்தைக்கு ஒரு தடவை, மிச்சம் குப்பைக்கு.

படுக்கைக்கு வந்ததும் மறுபடி கை சுத்தம். குழந்தையைச் சுற்றியுள்ள கம்பி, மானிட்டர், திரை எதையாவது தொட்டுவிட்டு லைனைத் தொடுவதற்கு முன் இது கட்டாயம். பிறகு ஹப். 70 சதவீத ஆல்கஹால் பஞ்சோ, குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹால் பஞ்சோ எடுத்து, ஹப்பின் முகப்பையும் பக்கவாட்டு மரைகளையும் அழுத்தித் திருகித் தேய்க்க வேண்டும், 15 விநாடி. ஒப்புக்கு ஒரு தடவை தடவுவது போதாது. படிந்திருப்பதைப் பெயர்த்தெடுப்பது உராய்வு. அதன்பின் காய வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சிரிஞ்சை இணைத்தால் கிருமி சாவதற்கு நேரம் கிடைக்காது, ஆல்கஹாலும் உள்ளே போகும். காய்வதற்காக ஊதுவதோ கையால் விசிறுவதோ கூடாது. தேய்த்த ஹப் கையிலிருந்து நழுவி விரிப்பில் பட்டால் திரும்ப முதலிலிருந்து.

ஃப்ளஷ், மருந்து, ஃப்ளஷ் என்று மூன்று சிரிஞ்சும் மூன்று தனி இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் இடையில் தேய்ப்பது பல இடங்களில் விட்டுப்போகிறது. கடைசி ஃப்ளஷ்ஷை விட்டு விட்டு அழுத்தித் தள்ளினால் குழாயின் சுவரில் ஒட்டியதைச் சுழல் கழுவிக்கொண்டு போகும். ரத்தம் எடுத்த பிறகு இது இன்னும் முக்கியம். ஹப்பில் பொருத்தும் கனெக்டர் என்ற சிறு மூடிக்குள் தங்கும் ரத்தம் கிருமிக்குத் தீனி. உள்ளே ரத்தம் தெரிந்தால் கனெக்டரை மாற்றிவிட வேண்டும். மூன்று வாய் கொண்ட இணைப்பான த்ரீ-வேயின் பயன்படுத்தாத வாயைத் திறந்து வைப்பதும், கழற்றிய மூடியை மெத்தை மேல் வைத்து மறுபடி போடுவதும் பார்க்க அற்பமாகத் தெரியும். தொற்று நுழைவது அந்த அற்பத்தில்தான்.

இத்தனைக்கும் நேரம் வேண்டும். ஒருவர் பொறுப்பில் அளவுக்கு மீறிய குழந்தைகள் இருந்தால் அந்த 15 விநாடி மூன்றாகச் சுருங்கும். செவிலியர் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டுச் சுவரில் கைகழுவும் போஸ்டர் ஒட்டுவதால் தொற்று குறையாது. நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய விஷயம் இது.

லைன் போடுவதும் மூடி வைப்பதும்

போடும்போது செய்ய வேண்டியவை ஏறக்குறைய எல்லாருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தலை முதல் கால் வரை மூடும் பெரிய ஸ்டெரைல் துணி, தொப்பி, மாஸ்க், கவுன், ஸ்டெரைல் கையுறை. தோலுக்கு 2 சதவீத குளோர்ஹெக்சிடின் கலந்த 70 சதவீத ஆல்கஹால். உலர்ந்த இடத்தில் 30 விநாடி முன்னும் பின்னுமாகத் தேய்த்து, 30 விநாடி காய விட வேண்டும். தொடை மடிப்பு போன்ற ஈரமான இடத்தில் தேய்ப்பதற்கே இரண்டு நிமிடம் வேண்டும். போவிடோன் அயோடின் என்றால் முழுக்கக் காயும் வரை, குறைந்தது ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். குறைமாதக் குழந்தைக்கு ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் தோலைச் சுட்டுவிடும். அங்கே குறைந்த அளவு, முதுகுக்கடியில் தேங்காமல் துடைப்பது, காய்ந்த பின் மிச்சத்தை ஸ்டெரைல் நீரால் எடுப்பது அவசியம். பெரியவர்களுக்குத் தொடை லைனைத் தவிர்க்கச் சொல்வார்கள். குழந்தைகளிடம் அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாகக் காணப்படவில்லை. அவசரத்தில் தொடையில் போடத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அவசரத்தில், முறைப்படி சுத்தம் செய்யாமல் போட்ட லைனை நிலைமை சீரானதும் மாற்றிவிட வேண்டும்.

ஒளிபுகும் டிரெஸ்ஸிங் ஏழு நாளுக்கு ஒரு தடவை, காஸ் டிரெஸ்ஸிங் இரண்டு நாளுக்கு ஒரு தடவை. ஈரமானாலோ, ஓரம் பெயர்ந்தாலோ, அழுக்கானாலோ நாள் பார்க்காமல் உடனே. பெயர்ந்த ஓரத்தின் மேல் இன்னொரு பிளாஸ்திரி ஒட்டி ஒப்பேற்றுவதுதான் எங்கும் நடக்கிறது. அது உள்ளே ஈரத்தைப் பூட்டி வைப்பதாகும். ஒரு விதிவிலக்கு: மிகச் சிறிய குழந்தைக்கு டிரெஸ்ஸிங் மாற்றும்போது லைனே வெளியே வந்துவிடும் ஆபத்து இருந்தால், நன்றாக ஒட்டியிருக்கும் டிரெஸ்ஸிங்கை ஏழு நாள் ஆயிற்று என்பதற்காக மட்டும் கழற்ற வேண்டாம்.

குழாய் செட்டை சாதாரணத் திரவத்துக்கு நாலு நாளுக்கு முன்னால் மாற்றத் தேவையில்லை, ஏழு நாளைத் தாண்டவும் கூடாது. கொழுப்புத் திரவம் போன செட்டை 24 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். புரோபோஃபால் என்ற மயக்க மருந்து என்றால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கிருமிகளின் சாப்பாட்டு ருசி. குளுக்கோஸ் திரவத்தில் கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர், செரேஷியா மூன்றும் அறை வெப்பத்திலேயே பெருகும். சூடோமோனாஸும் பர்கோல்டேரியா செபாசியாவும் வெறும் காய்ச்சி வடித்த நீரிலும் வளரும். கொழுப்புத் திரவத்தில் ஏறக்குறைய எல்லாமே வளரும்; மலசீசியா என்ற பூஞ்சைக்கு அது தனி விருந்து. திரவத்தில் பத்து லட்சம் கிருமி இருந்தாலும் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரியாமல் போகலாம். அதனால் 'பாட்டில் தெளிவாகத்தானே இருக்கிறது' என்பது சான்று ஆகாது.

இதையே திருப்பிப் போட்டும் பயன்படுத்தலாம். வளர்ந்த கிருமியே எங்கே தேட வேண்டும் என்று சொல்லும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் தோல், கை, லைன் போட்ட இடம். வார்டில் அடுத்தடுத்து என்டரோபாக்டரோ செரேஷியாவோ வந்தால் ஏற்றும் திரவம், பகிர்ந்த புட்டி. பர்கோல்டேரியா வந்தால் கிருமிநாசினி பாட்டிலையும் ஈரப்பதக் குடுவைத் தண்ணீரையும் கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கிருமிநாசினிக்குள்ளேயே உயிரோடு இருக்கக் கூடியது அது. அசினெடோபாக்டர் உலர்ந்த பரப்பில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வென்டிலேட்டர் குமிழ், மானிட்டர் வயர், ஸ்டெதாஸ்கோப் என்று தேட வேண்டும். 1970-71-ல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் ஒரே சமயத்தில் என்டரோபாக்டர் தொற்று பரவியபோது, கடைசியில் குற்றவாளியாகக் கண்டுபிடிக்கப்பட்டது குளுக்கோஸ் பாட்டில் மூடியின் உள்பக்கம்.

இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட ஐ.சி.யு. குழந்தைக்கு 2 சதவீத குளோர்ஹெக்சிடின் துணியால் தினமும் உடம்பு துடைப்பது பயன் தரலாம். 2013-ல் வெளியான, பத்து குழந்தைகள் ஐ.சி.யு.க்களில் நடந்த ஆய்வில், சேர்ந்த எல்லாரையும் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் உறுதியாகவில்லை. உண்மையில் துடைக்கப்பட்ட குழந்தைகளை மட்டும் பார்த்தபோது ரத்தத் தொற்று 36 சதவீதம் குறைவு. செய்வதானால் தினமும் செய்ய வேண்டும். கண், காது, வாய் பக்கம் போகக் கூடாது. துடைத்த பின் கழுவக் கூடாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடுப்பு, லைனை எடுத்துவிடுவது. காலை ரவுண்டில் ஒவ்வொரு குழந்தையிடமும் 'இது இன்று எதற்காக இருக்கிறது' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். 'நாளைக்கு ரத்தம் எடுக்க வசதி' என்பது பதில் ஆகாது. குறைமாதக் குழந்தைக்கு வாய்வழிப் பால் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 120 மி.லி.யைத் தொட்டதும் லைனை எடுக்கலாம். தொப்புள் லைன்களை இயன்ற சீக்கிரம், ஏழு நாளுக்குள் எடுத்துவிடுவது நல்லது. தாய்ப்பாலைச் சீக்கிரம் ஆரம்பிப்பதும், காரணமில்லாமல் அமிலக்குறைப்பு மருந்து கொடுக்காமல் இருப்பதும், கல்ச்சரில் எதுவும் வளராதபோது ஆன்டிபயாடிக்கை ஐந்து நாள் பத்து நாள் இழுக்காமல் நிறுத்துவதும், லைனைத் தொடாமலே ரத்தத் தொற்றைக் குறைக்கும் வழிகள். குடலில் நல்ல கிருமி அழிந்தால் அந்த இடத்தைக் கிளெப்சியெல்லா பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து ரத்தத்துக்குப் போக அதற்கு லைன்கூட வேண்டாம்.

சந்தேகம் வந்ததும்

பெரிய குழந்தைக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கம், வேகமான நாடித்துடிப்பு. லைனில் ஃப்ளஷ் செய்த சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நடுக்கம் வந்தால் லைன்தான் காரணம் என்று ஏறக்குறைய முடிவே கட்டலாம். குறைமாதக் குழந்தைக்குக் காய்ச்சல் வராமலே போகலாம். மூச்சு நின்று நின்று வருவது, இதயத்துடிப்பு திடீரென இறங்குவது, உடம்பு சில்லிடுவது, நேற்று வரை ஏற்ற பால் இன்று வயிற்றில் தேங்குவது, சர்க்கரை ஏறி இறங்குவது, சாம்பல் பூத்த நிறம். தாய் 'இன்றைக்கு இவன் சரியில்லை' என்று சொன்னால் அதையும் ஓர் அறிகுறியாகக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மானிட்டர் காட்டுவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆன்டிபயாடிக்குக்கு முன்னால் பிளட் கல்ச்சர். அதில் நடக்கும் மிகப் பெரிய தவறு அளவு. சிறு குழந்தை, பாவம் என்று அரை மி.லி. எடுத்து பாட்டிலில் விடுகிறார்கள். குழந்தையின் ஒரு மி.லி. ரத்தத்தில் சராசரியாக ஒரே ஒரு கிருமி இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அரை மி.லி. எடுக்கும்போது கிருமியே அகப்படாமல் போகும் வாய்ப்பு 61 சதவீதம். 1 மி.லி. எடுத்தால் 37. 2 மி.லி. என்றால் 14. 3 மி.லி. என்றால் 5. மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் சுமார் 250 மி.லி. ரத்தம் இருக்கிறது. அதில் 2 மி.லி. என்பது ஒரு சதவீதம்கூட இல்லை. பச்சிளங்குழந்தைக்குக் குறைந்தது 1 மி.லி., முடிந்தால் 2. ஒரு வயதுக் குழந்தைக்கு இரண்டு பாட்டிலுமாகச் சேர்த்து 4 முதல் 6 மி.லி. பத்துப் பதினைந்து கிலோவைத் தாண்டியதும் 20 மி.லி. வரை போகலாம்.

லைன் மேல் சந்தேகம் என்றால் இரண்டு இடத்தில் எடுக்க வேண்டும்: லைனிலிருந்து ஒன்று, கையின் ரத்தக்குழாயிலிருந்து ஒன்று. இரண்டும் ஒரே அளவு, சில நிமிட இடைவெளிக்குள், எது எங்கிருந்து என்று பாட்டிலில் எழுதி. லைனில் எடுக்கும் முன் பழைய கனெக்டரைக் கழற்றிப் புதியதைப் போட வேண்டும். இல்லாவிட்டால் கனெக்டரில் வளர்வதைத்தான் கல்ச்சர் சொல்லும். பாட்டிலின் ரப்பரை ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், அயோடினால் அல்ல. அயோடின் ரப்பரை அரிக்கும். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். லைன் பாட்டில் கை பாட்டிலை விட இரண்டு மணி நேரமாவது முந்திக்கொண்டு வளர்ந்தால் மூலம் லைன்தான்.

கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டஃபிலோகாக்கஸ் வளர்ந்தால் தலைவலி ஆரம்பம். அது தோலில் எப்போதும் இருப்பது. குழந்தை தெம்பாக இருந்து, இரண்டில் ஒரு பாட்டிலில் மட்டும், 24 மணி நேரத்துக்குப் பின் வளர்ந்தால் பெரும்பாலும் எடுக்கும்போது கலந்ததாக இருக்கும். இரண்டு பாட்டிலிலும் ஒரே கிருமி என்றால் உண்மையான தொற்று. ஒரே பாட்டில் எடுத்துவிட்டு இந்தக் கேள்விக்கு விடை தேடுவது, வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தேவையோ இல்லையோ ஒரு வாரம் கொடுப்பதில்தான் முடியும். ஒரு வார்டின் கல்ச்சர்களில் இப்படிக் கலப்படமானவை 3 சதவீதத்துக்கு மேல் போனால், எடுக்கும் முறையைத்தான் திருத்த வேண்டும்.

முதல் ஒரு மணி நேரமும் அதற்குப் பின்னும்

ஷாக் (உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை) இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் உள்ளே போக வேண்டும். ஷாக் இல்லாமல் உறுப்பு பாதிப்பு மட்டும் என்றால் மூன்று மணி நேரத்துக்குள், அதற்குள் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு. கல்ச்சர் எடுக்க முடியவில்லை என்பதற்காக ஷாக்கில் இருக்கும் குழந்தையைக் காக்க வைக்கக் கூடாது. திரவம் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. கொடுத்து, கொடுத்த பின் கல்லீரல் பெரிதாகிறதா, நுரையீரலில் நுரைச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்து அடுத்தது. ஐ.சி.யு. வசதி உள்ள இடத்தில் முதல் மணி நேரத்தில் 40 முதல் 60 வரை போகலாம். அந்த வசதி இல்லாத இடத்தில், ரத்த அழுத்தம் இறங்காத குழந்தைக்கு அவசரத் திரவம் தீங்கு செய்யும் என்று ஆப்பிரிக்காவில் நடந்து 2011-ல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வு காட்டியது.

எந்த ஆன்டிபயாடிக்? வீட்டிலிருந்து வரும் குழந்தைக்குப் பழகிய செஃப்ட்ரியாக்சோன் இங்கே போதாது. மருத்துவமனைக் கிருமிகளில் பல அதற்கு மசியாது, சூடோமோனாஸுக்கு அது வேலையே செய்யாது. சூடோமோனாஸையும் பிடிக்கும் ஒரு பீட்டா-லாக்டம் (பெனிசிலின் குடும்ப மருந்து), அதோடு வார்டில் வழக்கமான மருந்துகளுக்கு மசியாத ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸான எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்தாலோ லைன் மேல் சந்தேகம் இருந்தாலோ வான்கோமைசின். அதற்கு மேல் சொல்ல வேண்டியதை அந்த வார்டின் கடந்த ஆறு மாத, ஒரு வருட கல்ச்சர் அட்டவணைதான் சொல்ல வேண்டும். அட்டவணை இல்லாத வார்டு கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுக்கிறது. வான்கோமைசினைக் குறைந்தது 60 நிமிடம் எடுத்து ஏற்ற வேண்டும். வேகமாகப் போனால் முகமும் கழுத்தும் சிவந்து ரத்த அழுத்தம் இறங்கும், அதை அலர்ஜி என்று தவறாக எழுதி வைப்பார்கள்.

36 முதல் 48 மணி நேரத்தில் கல்ச்சரைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். உண்மையான கிருமிகளில் பெரும்பாலானவை அதற்குள் வளர்ந்துவிடும். வளரவில்லை, குழந்தையும் நன்றாக இருக்கிறது என்றால் நிறுத்தலாம். வளர்ந்தால், அந்தக் கிருமி கேட்கும் மருந்துகளில், குறைவான வகைக் கிருமிகளை மட்டும் தாக்கும் மருந்துக்கு இறங்க வேண்டும். 'நன்றாகத்தானே இருக்கிறான், மாற்ற வேண்டாம்' என்று பல வகைக் கிருமிகளைத் தாக்கும் மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடர்வதுதான் அடுத்த குழந்தைக்கு மெரோபெனெம் கேட்காத கிளெப்சியெல்லாவை வளர்க்கிறது.

லைனை எடுப்பதா வைத்துக் காப்பாற்றுவதா என்பதில் சில இடங்களில் விவாதத்துக்கு இடமில்லை. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ், கேண்டிடா என்ற பூஞ்சை, ஷாக், தோலுக்கடியில் லைன் போகும் பாதையில் சீழ், இதய வால்வில் தொற்று, சரியான மருந்து கொடுத்தும் 72 மணி நேரம் தாண்டி கல்ச்சரில் தொடர்ந்து வளர்வது. இவற்றில் எது இருந்தாலும் லைன் வெளியே. கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டஃபிலோகாக்கஸ் என்றால், வேறு ரத்தக்குழாயே கிடைக்காத குழந்தைக்கு, 10 முதல் 14 நாள் ரத்தத்திலும் குழாய்க்குள் ஆன்டிபயாடிக் நிரப்பும் லாக் முறையிலும் சேர்த்துக் காப்பாற்றிப் பார்க்கலாம். எடுத்துவிட்டால் 5 முதல் 7 நாள் போதும்.

நாள் எண்ணுவது முதல் நெகட்டிவ் கல்ச்சரிலிருந்து, முதல் டோஸிலிருந்து அல்ல. அதற்காகவே 24 முதல் 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை மறு கல்ச்சர் எடுக்க வேண்டும். ஆரியஸுக்கும் கேண்டிடாவுக்கும் குறைந்தது 14 நாள். ஆரியஸ் வளர்ந்த குழந்தை ஒரு காலை அசைக்காமல் வைத்திருந்தால் மூட்டையும் எலும்பையும் ஸ்கேன் செய்யுங்கள். இதய எக்கோவையும் யோசியுங்கள். பச்சிளங்குழந்தைக்குக் கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் கிருமி வளர்ந்தால், நிலைமை அனுமதித்ததும் முதுகுத்தண்டு நீர் எடுத்துப் பார்க்காமல் சிகிச்சை நாளை முடிவு செய்யக் கூடாது. மூளைக்காய்ச்சல் இருந்தால் மருந்தின் அளவும் நாளும் இரண்டும் மாறும்.

கணக்கு வைப்பது பற்றி ஒரு வார்த்தை. தினமும் ஒரே நேரத்தில், லைன் உள்ள குழந்தைகளை எண்ணுங்கள். ஆறு குழந்தைகள் வீதம் 30 நாள் என்றால் 180 லைன்-நாள். அதில் 2 தொற்று என்றால் ஆயிரத்துக்கு 11.1. சிறிய வார்டில் ஒரே ஒரு தொற்றில் இந்த எண் தாறுமாறாக எகிறும் என்பதால், கடைசித் தொற்றிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று பலகையில் எழுதி வைப்பது அதிகம் பயன்படும். ஒவ்வொரு தொற்றையும் 48 மணி நேரத்துக்குள், அந்த லைனைத் தொட்டவர்கள் எல்லாரும் உட்கார்ந்து, யாரையும் குற்றவாளி ஆக்காமல் அலச வேண்டும். திட்டு விழும் என்று பயந்தால் டிரெஸ்ஸிங் பெயர்ந்திருந்ததை அடுத்த தடவை யாரும் சொல்ல மாட்டார்கள்.

லைனோடு வீட்டுக்குப் போகும் குழந்தைகளின் பெற்றோருக்கு: மேலே சொன்ன 15 விநாடித் தேய்ப்பை நீங்களும் கற்றுக்கொண்டு, செவிலியர் முன்னால் செய்து காட்டிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். குளிக்கும்போது லைனும் டிரெஸ்ஸிங்கும் நனையாமல் மூட வேண்டும். தொட்டியில் உட்கார வைக்க வேண்டாம். 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தாலும், ஃப்ளஷ்ஷுக்குப் பின் நடுங்கினாலும் காய்ச்சல் மருந்து கொடுத்துக் காலை வரை பார்க்க வேண்டாம், லைனில் அடுத்த டோஸும் ஏற்ற வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். லைனின் வகை, போட்ட தேதி, கடைசியாக வளர்ந்த கிருமி, அதற்குக் கேட்ட மருந்து, கேட்காத மருந்து எல்லாம் எழுதிய தாள் கையில் இருந்தால், இரவு டூட்டியில் இருக்கும் மருத்துவர் முதல் ஆன்டிபயாடிக்கைத் தேர்ந்தெடுக்க அதிக நேரம் ஆகாது.